பாலைக் காய்ச்சினால் ஒவ்வாமை போய்விடுமா?

எம்மவர் வீடுகளில் குழந்தை பிறந்ததும் எழும் வாக்குவாதங்களில் பாலும் ஒன்று. ஊரில் கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சித் தண்ணீர் கலந்து கொடுத்துப் பழகியவர்கள் நாம். இங்கே விட்பியில் மூன்று பைகளில் வரும் நான்கு லீற்றர் பாலை வாங்குகிறோம். பிள்ளைக்கு உடம்பு தடித்துச் சத்தி வந்தால் பழி அந்தப் பைப்பாலுக்குத்தான். "மெசினில அடிச்ச பால், அதுதான் ஒத்துக்கொள்ளேல்லை" என்பார்கள் பெரியவர்கள். எங்கள் தொழிற்சாலையில் இரவு வேலை இடைவேளையிலும் இதே கதைதான். வடக்கே புறூக்ளின் பக்கம் பண்ணைகள் இருக்கின்றனவே, பச்சைப்பால் கேட்டுப் பார்ப்போமா என்கிறார்கள் இளம் தகப்பன்மார்.

கடைப்பாலை 72 பாகை செல்சியசில் 16 விநாடி சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள். ஆடை மிதக்காதபடி கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கிறார்கள். ஆனால் ஒவ்வாமையைக் கிளப்புவது கொழுப்பல்ல, பாலின் புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின், மிகுதி வே எனப்படும் மோர்ப் புரதம். நன்றாகக் கொதித்தால் வேயின் ஒரு பகுதி குலையும். கேசினோ எங்கள் சட்டிக் கொதிப்புக்கு அசையாது. டென்மார்க்கில் பால் ஒவ்வாத ஐந்து சிறுபிள்ளைகளுக்குப் பச்சைப்பால், சூடாக்கிய பால், சூடாக்கிக் கொழுப்பு உடைத்த பால் மூன்றையும் கொடுத்துப் பார்த்து 1988இல் எழுதினார்கள். ஐந்து பேருக்கும் மூன்றுமே ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டுப்பாலும் தப்பு வழியல்ல; அதன் புரதம் பசுப்பாலின் புரதத்துக்குச் சகோதரம் மாதிரி.

பச்சைப்பாலுக்காக வாதாடுவோர் கையில் ஒரு நல்ல ஆய்வு உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. ஜேர்மனி, ஒஸ்ரியா, சுவிற்சர்லாந்துக் கிராமங்களில் 8,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2011இல் வெளியானது அது. பண்ணைப் பச்சைப்பால் குடித்த பிள்ளைகளுக்குத் தொய்வு குறைவாக இருந்தது. காய்ச்சிக் குடித்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஆனாலும் கிருமிப் பயத்தால் பச்சைப்பாலைக் கொடுங்கள் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. ஒன்ராறியோவில் 1938 முதல் கடைப்பாலைச் சூடாக்கியே விற்கவேண்டும். மைக்கல் சிமிற் என்ற பண்ணையாளர் இதை எதிர்த்து வழக்காடி, 2010இல் வென்று, 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய டூரம் வேறு ஊர், எங்கள் டூரம் பிராந்தியம் அல்ல.

சரி, வராமல் தடுக்க வழி? பால், முட்டை, கச்சானைப் பிந்திக் கொடு என்று 2000ஆம் ஆண்டளவில் வைத்தியர்கள் சொன்னார்கள். இன்று அந்தப் பேச்சு மாறிவிட்டது. குடும்பத்தில் ஒவ்வாமை, பிள்ளைக்குக் கடும் கரப்பான் என்று இருந்தால் ஆறு மாதமளவில், நான்கு மாதத்துக்கு முன்பல்ல, இவற்றைத் தொடங்கும்படி கனடியக் குழந்தை வைத்தியர் சங்கம் சொல்கிறது. தொடங்கியபின் விட்டுவிட்டுக் கொடுப்பதுதான் பிழை. வாரத்தில் சில தடவையாவது கொடுக்கவேண்டும். தயிரை ஆறு மாதத்திலேயே தொடங்கலாம். பசுப்பாலைக் குடிபானமாக 9 மாதத்துக்கு முன் கொடுக்கக்கூடாது, பின்பும் நாளுக்கு 750 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. கூடினால் இரும்புச்சத்துக் குறையும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

ஏற்கெனவே ஒவ்வாத பிள்ளைகளில் பலருக்கு, மாவோடு சேர்த்து வெதுப்பிய கேக்கில் உள்ள பால் ஒத்துக்கொள்கிறது. சூட்டுப் போறணையில் புரதம் உருமாறுவதுதான் காரணம். இதை வீட்டில் பரீட்சை பார்க்காதீர்கள், வைத்தியர் முன்னால்தான் செய்யவேண்டும். லக்ரோஸ் நீக்கிய பாலும் இவர்களுக்கு உதவாது. அது சீனி செரியாதவர்களுக்கு, இது புரதத்தின் சிக்கல்.

பால் குடித்துச் சில நிமிடங்களில் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, பிள்ளை துவண்டால் கிரந்தி எண்ணெய் தேடவேண்டாம். உடனே 911. அவசரமில்லாத கேள்விக்கு 811ஐ அழைத்தால் தாதி பேசுவார். காசில்லை, மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

கடைசியாக எங்கள் குசினி. பாயாசம், நெய், பால்மா எல்லோருக்கும் தெரியும். பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் மாவை யாரும் சந்தேகிப்பதில்லை. சிலவற்றில் சோடியம் கேசினேற் சேர்க்கிறார்கள், அது பால்தான். பெட்டியின் பின்பக்கத்தில் 'மில்க்' என்ற சொல்லைத் தேடுங்கள். 2012 முதல் கனடாவில் அதைத் தெளிவாக எழுதவேண்டும் என்பது சட்டம். ஆங்கிலம் வாசிக்க முடியாத அம்மம்மா சமைக்கும் வீட்டில் அந்தப் பெட்டியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்தால் போதும்.