யாழ்ப்பாணக் குடாநாட்டின் பயிர்ச்செய்கையும் நிலத்தடி நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையே அதன் நீர்வளத்துக்குப் பிரதான ஆதாரமாகும். அம்மழைநீர் பயிரை வந்தடையும் வழியைக் கொண்டு இங்குள்ள பயிர்ச்செய்கையை நாம் இருவகைப்படுத்தலாம்.

முதலாவது, மானாவாரி நெற்செய்கை. தென்மராட்சியிலும் வலிகாமத்தின் தாழ்நிலங்களிலும் ஆவணி, புரட்டாதியில் விதைக்கப்படும் நெல், மழையை மட்டும் நம்பி வளர்ந்து தை, மாசியில் அறுவடையாகின்றது. மொட்டைக்கறுப்பன் இதற்கேற்ற பழைய இனங்களுள் ஒன்று. ஆண்டுக்கு ஒரு போகமே உண்டு; மழை பிழைத்தால் அதுவும் இல்லை.

இரண்டாவது, கிணற்று இறைப்பில் தங்கியுள்ள தோட்டச் செய்கை. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம், இணுவில் முதலிய செம்மண் பகுதிகளில் புகையிலை, வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, வாழை, மரக்கறி என்பன பயிராகின்றன. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே நீரெடுப்புக்கு எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை அகற்றியது. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் என்பவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இச்செய்கை பெருகியது. 1977இல் தொடங்கிய திறந்த பொருளாதாரக் கொள்கை அச்சந்தைப் பாதுகாப்பைக் குலைத்தது. 1990இன் பின்னர் வலிகாமம் வடக்கின் வளமான செம்மண் நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட, அங்கிருந்த உழவர் இடம்பெயர்ந்தனர்.

சந்தை சரிந்தால் மீண்டும் எழலாம். நிலமும் மீளக் கிடைக்கலாம். நீரின் நிலை அத்தகையதன்று. சுண்ணக்கற்பாறையுள் தேங்கிய நன்னீர், அதனிலும் அடர்த்தி கூடிய உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. கொள்கையளவில், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழ் நாற்பதடி நன்னீர் இருக்கும். எனவே நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால் உவர்நீர் நாற்பதடி உயர இடமுண்டு. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் கொண்ட நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று. மேலும், செறிவாக இடப்படும் நைதரசன் உரம் மண்ணூடே கசிந்து, வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவை, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லைக்கு மேல் உயர்த்தியுள்ளது.

கிணறு தனியுடைமை, அதன் அடியிலுள்ள நீரோ அனைவர்க்கும் பொது. இம்முரண்பாடே பிரச்சினையின் வேர். இறைப்பின் பயன் நிலமுடையோரைச் சேர்கின்றது. நீர் கெடுவதன் சுமையோ நிலமோ கிணறோ அற்ற கூலியுழைப்பாளரையும் சேர்கின்றது. குளங்களைத் தூர்வாரி மழைநீரை நிலத்துள் இறக்குதல், இறைப்பையும் உரத்தையும் அளவுபடுத்தல் என்பன அவசியமானவை. ஆயின், நீரைப் பொதுச் சொத்தாகக் கருதி ஊரவர் கூட்டாக நிருவகிக்காதவரை இவை நிலைத்த பயன் தரா என்பதே எமது கருத்தாகும்.