கழுவியும் தீராத சந்தேகம்

நுரை நிஜம்தான்

ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்தால் தண்ணீரோடு நுரையும் வரும். பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து, மாநில எல்லை தாண்டி இங்கே வந்து பொங்குகிறது. மழைக்காலத்தில் தரைப்பாலத்தையே மூடும். காற்றடித்தால் வயலுக்குள் பறந்து விழும். அந்த நீரில் கைவைத்தவர் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினால் அதை நோய் என்று யாரும் சொல்ல முடியாது.

அணைப் பக்கமே போகாத ஒருவரை எண்ணிப் பாருங்கள். அந்த வழியாக பைக்கில் வந்த நண்பரின் சட்டையில் நுரை பட்டிருக்குமோ, அவர் தொட்ட கதவில் ஒட்டியிருக்குமோ என்று கழுவுகிறார். சரியாகக் கழுவினோமா என்று மறுபடியும் கழுவுகிறார். விரலிடுக்கில் தோல் வெடித்து எரிகிறது, ஆனாலும் குழாயை மூட மனம் வரவில்லை. கை சுத்தமாகிவிட்டது என்று அவருடைய கண்ணுக்குத் தெரிகிறது. ‘போதும்’ என்ற நிறைவுதான் கிடைப்பதில்லை. ஓ.சி.டி. என்றும், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றும் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 0.8 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதிலேயே தொடங்கிவிடும். ‘பிள்ளை ரொம்பச் சுத்தம்’ என்று வீட்டில் பெருமையாகப் பேசிக்கொண்டே சில வருடங்களைக் கடத்திவிடுவார்கள்.

பூட்டிய கதவின் படம்

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களிடம் இது வேறு உருவில் வரும். காலை ஷிப்ட், கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிட்டது. கேஸ் ரெகுலேட்டரை மூடித் தொட்டும் பார்த்தாயிற்று. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, செல்போனில் படமும் எடுத்தாயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தால் புதுச் சந்தேகம்: கடைசியாக ஒருமுறை உள்ளே போய் வந்தோமே, படம் அதற்கு முன்பு எடுத்ததா, பின்பா? இறங்கிவிடுகிறார். சம்பளத்தில் ஒரு நாள் போகிறது. சூப்பர்வைசர் கண்ணில் அவர் சோம்பேறி.

இன்னொரு வகை வெளியே தெரியவே தெரியாது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தாயின் மனதில், ‘தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ’ என்று ஓடும். சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலில் கும்பிட்டு நிற்பவரின் மனதில் சாமியைத் திட்டும் வார்த்தை வரும். இதை யாரிடம் சொல்வது? பரிகாரம், மந்திரித்தல் என்று காலம் போகும். இப்படிப்பட்ட எண்ணங்கள் நலமாக இருப்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கும் வந்துபோகின்றன என்று உளவியலாளர்கள் ரேச்மனும், இலங்கையரான பத்மல் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். மற்றவர்கள் உதறிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஓ.சி.டி. உள்ளவரோ ‘இதை நினைத்த நான் எப்படிப்பட்டவன்’ என்று அதையே விசாரித்துக்கொண்டிருப்பார். அந்த எண்ணம் அவருக்கு அருவருப்பாக இருக்கிறது. அதைச் செய்யும் ஆசையே அவரிடம் கிடையாது. ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் குரல்கள் கேட்டாலோ, குழந்தைக்குத் தீங்கு செய்வதுதான் சரி என்று அவள் நம்பத் தொடங்கினாலோ அது வேறு நோய். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

வீட்டார் செய்யும் உதவி

‘கை சுத்தமாத்தாம்மா இருக்கு’, ‘நானே பூட்டினேன், பயப்படாம போ’ என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். நோயுள்ளவருக்காக மாமியார் வாசலிலேயே காலைக் கழுவிக்கொண்டு வருவார், கணவர் யூனிபார்மை வெளியே கழற்றிப் போடுவார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு ஆறுதலும் கந்துவட்டிக் கடன் மாதிரி. அப்போதைக்குக் கை நிறையும். சாயந்திரத்துக்குள் அதே கேள்வி வட்டியோடு வந்து நிற்கும். அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திட்டுவதும் பயன் தராது. மருத்துவரோடு பேசிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் முறை.

மருந்தும் பயிற்சியும்

புளூஆக்சிடின், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் இதற்கு நன்றாகக் கேட்கும். மனச்சோர்வுக்குத் தருவதைவிட இதற்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு வேண்டியிருக்கும். பலன் முழுதாகத் தெரிய 10, 12 வாரம் ஆகலாம். ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு ‘ஒண்ணும் கேட்கலை’ என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இவை பழக்கத்துக்கு அடிமையாக்கும் தூக்க மாத்திரைகள் அல்ல. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் தொடரச் சொல்வார்கள். தாமாக நிறுத்தக் கூடாது.

பயிற்சி சிகிச்சைக்கும் அதே அளவு மதிப்பு உண்டு. பயப்படும் பொருளைத் தொட வேண்டும், தொட்ட பிறகு கழுவாமல் இருக்க வேண்டும். முதலில் வீட்டுக் கதவின் கைப்பிடி, பிறகு பஸ் கம்பி, அப்புறம் நண்பரின் சட்டை. பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், கழுவாமலே இறங்கும். ‘கழுவாவிட்டாலும் தாங்க முடிகிறது’ என்று மனம் பழகுவதில்தான் சிகிச்சையே இருக்கிறது. யாரும் ஆற்று நுரையில் கைவைக்கச் சொல்லப்போவதில்லை. ஊரார் தொடாததை நோயாளியும் தொட வேண்டாம்.

எங்கே போவது

பெங்களூருவில் நிமான்ஸ் இருக்கும் சாலையின் பெயரே ஓசூர் ரோடு. நம் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். அங்கே ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

டாக்டரிடம் ‘டென்ஷன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு நாளில் கழுவுவதற்கும் சரிபார்ப்பதற்கும் எவ்வளவு நேரம் போகிறது, எதை எல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லக் கூசும் எண்ணத்தையும் அதிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் அதையும் சொல்லுங்கள்; மாத்திரை நேரத்தை அதற்கேற்ப மாற்றித் தருவார்கள்.