பரணில் கிடந்த கம்ப்யூட்டர் ஆர்கேட் மெஷின் ஆனது!
5,000 ரூபாய்க்குள் வீட்டிலேயே ஒரு விளையாட்டுப் பெட்டி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் பழைய கம்ப்யூட்டரை என்ன செய்தீர்கள்? பெரும்பாலான வீடுகளில் அது பரணுக்குப் போகும். அடுத்த போகிக்குப் பழைய இரும்புக்காரரிடம் போகும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான் நடக்க இருந்தது.

2011-ல் நான் பள்ளியில் படிக்கும்போது, அப்பா பி.எஃப். பணத்தில் முன்பணம் எடுத்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். பென்டியம் டூயல் கோர் பிராசசர், 2 ஜி.பி. ராம், 18.5 அங்குல எல்.சி.டி. மானிட்டர். நான் லேப்டாப்புக்கு மாறிய பிறகும் அதை விற்க அப்பா சம்மதிக்கவில்லை. பழைய துண்டால் மூடி வைத்திருந்தார்.

சென்ற கோடை விடுமுறைக்கு அக்கா பையன்கள் இருவரும் வந்தார்கள். ஒரு செல்போனுக்கு இரண்டு பேர் சண்டை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று விளையாடும் ஆர்கேட் பெட்டி ஒன்றை நாமே செய்தால் என்ன? கடையில் தயாராகக் கிடைப்பதை வாங்க என் பட்ஜெட் இடம் தரவில்லை. மொத்தம் 5,000 ரூபாய்தான் ஒதுக்கினேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

ஆர்கேட் என்றால் என்ன?

காசு போட்டு நின்றுகொண்டே விளையாடும் வீடியோ கேம் பெட்டிகள்தான் ஆர்கேட் மெஷின்கள். 1972-ல் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்', 1978-ல் டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ல் நாம்கோ நிறுவனத்தின் 'பேக்மேன்' என்று இவை உலகம் முழுக்கப் பரவின. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அந்த விளையாட்டுக்கென்றே செய்த சர்க்யூட் போர்டு இருக்கும். விளையாட்டின் புரோகிராம், அந்தப் போர்டில் உள்ள ராம் அல்ல, ரோம் சிப்புகளில் பதிந்திருக்கும்.

அந்தப் போர்டு செய்த வேலையை நம் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் மூலமே செய்ய வைப்பதற்குப் பெயர் எமுலேஷன். இதில் புகழ்பெற்ற சாஃப்ட்வேர் 'மேம்'. இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா இதை 1997 பிப்ரவரியில் வெளியிட்டார். 2016 முதல் இது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். யாரும் இலவசமாக டவுன்லோட் செய்யலாம்.

பழைய கம்ப்யூட்டர் போதுமா என்று கேட்பீர்கள். பேக்மேன் பெட்டிக்குள் இருந்த இசட்80 பிராசசரின் வேகம் சுமார் 3 மெகா ஹெர்ட்ஸ். என் பழைய கம்ப்யூட்டரின் வேகம் 3 கிகா ஹெர்ட்ஸ். 1980-களின் விளையாட்டுகளுக்கு அது தாராளம். பிற்கால 3டி விளையாட்டுகளை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

முதல் வேலை: பேக்கப்

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. எனவே இலவச லினக்ஸ் மின்ட் போட முடிவு செய்தேன். அதில் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற வகை பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஏற்றது. உங்கள் பிராசசர் 64 பிட் வகைதானா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்தேன். 'டிஸ்க்கை முழுவதும் அழித்து இன்ஸ்டால் செய்யவா?' என்ற கேள்வி திரையில் வந்தது. மவுஸ் அதன்மேல்தான் இருந்தது. பின்னால் நின்ற அப்பா, "பாட்டி போட்டோ எல்லாம் இதிலதானே இருக்கு?" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. பாட்டி 2014-ல் இறந்தார். அவரது கடைசி சில வருடப் படங்கள், அக்கா கல்யாணப் படங்கள் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. தினமும் கம்ப்யூட்டரோடு பிழைக்கும் எனக்கு அது நினைவில் இல்லை, அப்பாவுக்கு இருந்தது. அவர் ஏன் இதை விற்க விடவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இன்ஸ்டாலேஷனை நிறுத்திவிட்டு, 11 ஜி.பி. படங்களையும் என் லேப்டாப்பில் ஒன்று, தனி பென் டிரைவில் ஒன்று என இரண்டு இடங்களில் காப்பி செய்தேன். காப்பி ஆனால் மட்டும் போதாது. சில படங்களைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகே லினக்ஸ் போட்டேன். பழைய கம்ப்யூட்டரை எதற்கு மாற்றினாலும் சரி, யாருக்குக் கொடுத்தாலும் சரி, இதுதான் முதல் வேலை.

கீபோர்டில் செய்த தவறு

பணம் மிச்சப்படுத்த நான் முதலில் ஒரு தந்திரம் செய்தேன். பழைய கீபோர்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் சிறிய போர்டில் ஒயர்களைச் சால்டர் செய்து, அவற்றைப் பட்டன்களோடு இணைத்தேன். ஒருவர் விளையாடும்போது அருமையாக வேலை செய்தது. இரண்டு பேர் விளையாடியபோது, "மாமா, நான் அமுக்குறேன், சுட மாட்டேங்குது" என்று சின்னவன் அழ ஆரம்பித்தான். அண்ணன் ஏமாற்றுகிறான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

தவறு என்னுடையது. சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கிடையாது. கீகள் எல்லாம் வரிசை, நெடுக்கை என்று கட்டம்போல இணைக்கப்பட்டிருக்கும். சில கீகளை மூன்று நான்காகச் சேர்த்து அழுத்தினால், எது அழுத்தப்பட்டது என்று கீபோர்டால் பிரித்தறிய முடியாது, ஒன்றை விட்டுவிடும்.

இதற்குத் தீர்வு, யு.எஸ்.பி. என்கோடர் போர்டு. 'ஜீரோ டிலே' என்ற பெயரில் விற்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு போர்டு. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஒயர். கம்ப்யூட்டர் இதை ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொள்ளும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடிப் பிடித்தேன். ஆன்லைனிலும் கிடைக்கிறது.

ஒயரிங்: மூன்று விஷயங்கள்

1. மைக்ரோ ஸ்விட்ச்சில் மூன்று முனைகள் இருந்தால், 'காமன்', 'நார்மலி ஓப்பன்' ஆகிய இரண்டில்தான் ஒயரை மாட்ட வேண்டும். 'நார்மலி க்ளோஸ்டு' முனையில் மாட்டினால், பட்டனைத் தொடாமலே அழுத்தியதாகக் காட்டும்.

2. ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால், அதன் அடிப்பகுதி எதிர்ப்பக்கம் சாய்ந்து கீழ்ப்பக்க ஸ்விட்ச்சைத்தான் அழுத்தும். எனவே 'மேல்' ஒயரைக் கீழ்ப்பக்க ஸ்விட்ச்சில் மாட்ட வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன்.

3. இரண்டு போர்டுகளும் ஒரே பெயரில் இருப்பதால், இடம் மாற்றிச் செருகினால் முதல் ஆட்டக்காரர் இரண்டாமவர் ஆகிவிடலாம். கம்ப்யூட்டரின் எந்த யு.எஸ்.பி. போர்ட்டில் எதைச் செருகினீர்கள் என்று ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

பெட்டி செய்தல்

ஆளுயரப் பெட்டி வேண்டாம், செலவு ஏறிவிடும். மேஜைமேல் வைக்கும் சிறிய பெட்டி போதும். 12 மி.மீ. பிளைவுட்டில் பாதி ஷீட், அதாவது 4 அடிக்கு 4 அடி வாங்கினேன். முதலில் அட்டைப் பெட்டியை வெட்டி மாதிரி செய்து, பையன்களை நிற்க வைத்து உயரம் பார்த்தேன். அதே அளவில் தச்சர் வெட்டித் தந்தார். இரண்டு பேர் தோள் இடிக்காமல் நிற்க, பட்டன் பலகைக்கு 24 அங்குல அகலம் வைத்தேன்.

துளை போடும் முன் பட்டனை அளந்து பாருங்கள். சந்தையில் 24 மி.மீ., 28 மி.மீ., 30 மி.மீ. எனப் பல அளவுகள் உள்ளன.

சி.பி.யு. கேபினெட்டைப் பிரிக்காமல் அப்படியே மேஜைக்கு அடியில் வைத்தேன். அப்பாவின் நிபந்தனையும் காப்பாற்றப்பட்டது. மரப்பெட்டிக்குள் சூடு சேரும் பிரச்சினையும் இல்லை. மானிட்டரின் ஸ்டாண்டை மட்டும் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் பொருத்தினேன். பின்பக்கத்தை மூடவில்லை.

ஒரு எச்சரிக்கை: உங்களிடம் இருப்பது பழைய குண்டு மானிட்டர் என்றால், அதன் பின்மூடியைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

செலவுக் கணக்கு

ஜாய்ஸ்டிக் 2: ரூ.700
பட்டன்கள் 12: ரூ.540
என்கோடர் போர்டு 2 (ஒயர்களுடன்): ரூ.1,100
பிளைவுட் பாதி ஷீட்: ரூ.900
தச்சர் கூலி: ரூ.500
பழைய 2 ஜி.பி. ராம் ஒன்று: ரூ.400
ஸ்க்ரூ, பசை, உப்புத்தாள்: ரூ.260
கறுப்பு பெயின்ட்: ரூ.220
மொத்தம்: ரூ.4,620

இது நான் வாங்கியபோது இருந்த விலை. ஒரு ஆள் மட்டும் விளையாடினால் போதும் என்றால் ஜாய்ஸ்டிக், பட்டன், போர்டுச் செலவு பாதியாகும்.

விளையாட்டுகள் எங்கே கிடைக்கும்?

'மேம்' இலவசம்தான், ஆனால் விளையாட்டுகள் எல்லாம் இலவசம் அல்ல. பேக்மேன் போன்றவற்றின் ரோம் ஃபைல்களுக்குக் காப்புரிமை உண்டு. கண்ட இடங்களில் டவுன்லோட் செய்தால் சட்டச் சிக்கலோடு வைரஸும் சேர்ந்து வரலாம். உரிமையாளர்களே வணிக நோக்கமின்றிப் பயன்படுத்த அனுமதித்த சில விளையாட்டுகளை மேம் குழுவின் இணையதளத்திலேயே தருகிறார்கள். 'கிரிட்லி', 'ராபி ரோட்டோ', 'சர்க்கஸ்' ஆகியவை அவற்றில் சில. ஜிப் ஃபைலைப் பிரிக்காமல் அப்படியே ரோம்ஸ் ஃபோல்டரில் போடுங்கள்.

மேம் திறந்தவுடன் 'காசு போடு' என்று காட்டினால் பயப்படாதீர்கள்! கீபோர்டில் 5-ஐ அழுத்தினால் காசு போட்டதாக அர்த்தம். 1-ஐ அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். டேப் கீயை அழுத்தினால் வரும் மெனுவில், எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று மாற்றிக்கொள்ளலாம். எஸ்கேப் கீ வெளியே வருவதற்கு.

இருவர் ஒரே நேரத்தில் விளையாட, லினக்ஸ் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஃப்ரோசன் பபுள்' கிடைக்கிறது. ஒரே நிறக் குமிழ்களைச் சேர்த்து உடைக்கும் விளையாட்டு. ஜாய்ஸ்டிக் அசைவுகளைக் கீபோர்டு கீகளாக மாற்றித் தர 'ஆன்டிமைக்ரோஎக்ஸ்' என்ற இலவசப் புரோகிராம் உதவும்.

இப்போது சின்னவன் அமுக்கினால் சுடுகிறது. தோற்றாலும் அழுவதில்லை; மறுபடி காசுப் பட்டனை அழுத்துகிறான். பையன்கள் ஊருக்குப் போன மறுநாள் காலையில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அப்பா தனியாகக் குமிழ் உடைத்துக்கொண்டிருந்தார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் ஆகலை" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பட்ஜெட்டில் மீதியிருந்த 380 ரூபாயில் பாட்டியின் படம் ஒன்றைப் பிரின்ட் போட்டுச் சட்டமிட்டோம். உங்கள் பரணிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். முதலில் அதில் என்னென்ன படங்கள் இருக்கின்றன என்று பாருங்கள், காப்பி எடுங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுங்கள்!