மலத்தின் நிறம் மாறினால் தண்ணீரையும் விசாரிக்க வேண்டும்

மலத்தின் இயல்பான பழுப்பு நிறம் பெரும்பாலும் உண்ட உணவிலிருந்து வருவதில்லை. ஆயுள் முடிந்த இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்த சிவப்பணுக்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்படும்போது அவற்றிலுள்ள ஈமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதனைப் பித்தநீரில் கலந்து சிறுகுடலுக்கு அனுப்ப, பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாக மாற்றி ஸ்டெர்கோபிலின் என்ற பழுப்பு நிறப் பொருளாக்குகின்றன. பித்தநீர் தடையின்றிக் குடலை வந்தடைகிறதா, உணவு குடலில் போதிய நேரம் தங்குகிறதா, வழியில் இரத்தமோ செரிக்காத கொழுப்போ சேர்கிறதா என்பனவற்றை மருத்துவர் மலத்தின் நிறத்தைக் கேட்டே ஓரளவு ஊகித்துக்கொள்வது இதனால்தான்.

ஒரு நாள் மாறி மறுநாள் திரும்பும் நிறத்துக்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. பீட்ரூட் உண்டவருக்குச் சிவப்பும், கீரை மிகுதியாக உண்டவருக்குப் பச்சையும் தோன்றும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையும், சித்த மருத்துவத்தின் அயச்செந்தூரமும் மலத்தைக் கருமையாக்கும். வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போது பித்தநீரின் நிறமி பழுப்பாக மாற நேரம் கிடைக்காமல் பச்சையாகவே வெளியேறுவதும் உண்டு. அது குடலின் வேகத்தைக் காட்டுமே தவிர எந்தக் கிருமி என்பதைக் காட்டாது. இத்தகைய காரணம் எதுவும் இல்லாமல் நிறமாற்றம் இரண்டு வாரங்களைத் தாண்டி நீடித்தாலோ, விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தாலோ, எடை குறைந்தாலோ தொற்று பற்றிய விசாரணை தொடங்க வேண்டும். வயிற்றுப்போக்கு 14 நாள்களுக்கு மேல் நீடிப்பதை நீடித்த வயிற்றுப்போக்கு என்று உலக சுகாதார நிறுவனம் தனியே வகைப்படுத்தியிருப்பதும், அதன் காரணங்கள் ஓரிரு நாளில் அடங்கிவிடும் கழிச்சலின் காரணங்களிலிருந்து வேறுபடுவதால்தான்.

வெளிர்மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்துடன், நீரில் மிதக்கும் மலம் வாரக்கணக்கில் தொடருமானால் முதலில் ஐயுற வேண்டியது ஜியார்டியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை. 1681இல் நெதர்லாந்தின் ஆன்டனி வான் லூவன்ஹுக் தம்முடைய மலத்தையே தாம் செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது கண்ட உயிரி இதுவே என்று கருதப்படுகிறது. இது சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, உணவை உறிஞ்சும் பரப்பைப் பாதிப்பதால், கொழுப்பு செரிக்கப்படாமல் மலத்தோடு வெளியேறுகிறது. மஞ்சள் நிறமும் மிதப்பும் அதனால் வருபவை. வயிறு உப்புசம், முட்டை அழுகிய நாற்றமுள்ள ஏப்பம், காய்ச்சலில்லாத சோர்வு ஆகியன உடன்வரும். பால் குடித்தால் மேலும் மோசமாகும், ஏனெனில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் குடற்சுவரின் அதே பரப்பில்தான் சுரக்கிறது. குழந்தைக்கு இது நேரும்போது அது மெலிவதைக் கண்டு, உணவு போதவில்லை என்றோ கண்ணேறு பட்டது என்றோ பெற்றோர் எண்ணிவிடுவதும், மாதங்கள் கழிந்த பிறகே மருத்துவரிடம் வருவதும் வேதனைக்குரியவை. ஜியார்டியா, தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொண்ட நிலையில், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். பத்து உறைகள் வயிற்றுக்குள் சென்றாலே நோய் தொற்றிவிடும். பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான குளோரின் அளவு இதற்குப் போதாது.

மஞ்சளாக நீடிக்கும் மலத்துக்குத் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் மற்றொரு தனிப்பக்கமும் உண்டு. 1960களில் வட ஆர்க்காடு, மதுரை மாவட்டங்களின் சிற்றூர்களில் ஒரே காலத்தில் பலரையும் பீடித்த, மாதக்கணக்கில் தொடர்ந்து உடலை உருக்கிய வயிற்றுப்போக்கை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் ஆராய்ந்து, அது வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று அறியப்படும் நோயின் கொள்ளைநோய் வடிவம் என்று எழுதினார்கள். சிறுகுடலின் விரல்போன்ற நுண்மடிப்புகள் தேய்ந்து தட்டையாகி, கொழுப்போடு ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் உறிஞ்சப்படாமல் போய், மலம் மஞ்சளாகி, உடல் இரத்தச்சோகையால் வெளிறும் இந்நோய், டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் பணிவதால், அதன் பின்னணியில் தொற்று இருந்தது என்றே பெரும்பாலோர் கருதினர். இப்போது இது அரிதாகிவிட்டது. ஊரணியிலும் கிணற்றிலும் நீர் எடுத்துக் குடிக்கும் அதே வாழ்முறை, இக்கட்டுரை பேசும் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

சிவப்பு வேறு வகைக் கேள்விகளை எழுப்புகிறது. சளியும் இரத்தமும் கலந்து, அடிவயிறு முறுக்கி, அடிக்கடி சிறிது சிறிதாகப் போகும் நிலையைச் சீதபேதி என்று மக்கள் சொல்வது மருத்துவ இலக்கணத்துக்கும் பொருந்துகிறது. கடுங்காய்ச்சலோடு திடீரெனத் தொடங்கினால் அது 1897இல் ஜப்பானின் கியோஷி ஷிகா கண்டறிந்த ஷிகெல்லா பாக்டீரியாவாக இருக்கக்கூடும். மெல்லத் தொடங்கி, காய்ச்சல் இல்லாமலே வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா என்னும் அமீபா காரணமாகலாம். இந்த அமீபா பெருங்குடற் சுவரைத் துளைத்துப் புண்ணாக்குவதோடு, இரத்த வழியாகக் கல்லீரலை அடைந்து அங்கே சீழ்க்கட்டியையும் உண்டாக்க வல்லது. ஆனால் நுண்ணோக்கியில் இதனோடு முற்றிலும் ஒத்துத் தோன்றும், தீங்கேதும் செய்யாத எண்டமீபா டிஸ்பார் என்ற இனமும் இருப்பதால், பரிசோதனைச் சீட்டில் அமீபா உறை காணப்பட்டது என்று எழுதியிருப்பதாலேயே நோய் உறுதியாகிவிடாது. நுண்ணோக்கியில் சிவப்பணுவை விழுங்கிய அமீபா தென்பட்டால்தான் ஐயம் பெரும்பாலும் தீரும். மெட்ரோனிடசோல் மாத்திரை நான்கைந்தை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு, போக்கு நின்றதும் நோய் போயிற்று என்று எண்ணும் வழக்கம் இங்கே பரவலாக உள்ளது. அம்மருந்து குடற்சுவரைத் தாக்கும் அமீபாவைக் கொல்லும். குடலுக்குள் தங்கியிருக்கும் உறைகளை நீக்க வேறொரு மருந்தும் தேவை. அரைகுறைச் சிகிச்சைக்குப் பின் அதே வீட்டில் வேறொருவருக்கு நோய் தொற்றுவது இவ்வுறைகளால்தான்.

கருமை புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களைப் பொறுத்தவரை மிகவும் ஏமாற்றக்கூடிய நிறம். இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசியும் இரத்தம் செரிமானத்துக்கு உள்ளாகித் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்போடும் துர்நாற்றத்தோடும் வெளியேறும். இரும்புச்சத்து மாத்திரையால் வரும் கருமையிலோ அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இரா. இவ்விரண்டுக்கும் நடுவே, நிறமே மாறாமல் இரத்தம் இழக்கும் நிலையும் உண்டு, அதற்குக் காரணம் கொக்கிப்புழு. திறந்தவெளியில் மலம் கழிக்கப்பட்ட நிழலான, ஈரமான, இளகிய மண்ணில் இதன் முட்டைகள் பொரித்து, ஒரு வாரத்தில் இளம்புழு தோலைத் துளைக்கும் வலிமை பெறுகிறது. நாற்று நடவிலும், நூறு நாள் வேலையிலும், ஆதனக்கோட்டை, ஆலங்குடிப் பக்கங்களின் முந்திரித் தோப்புகளிலும் வெறுங்காலோடு நிற்பவர்களின் பாதத்தில் அப்போது தோன்றும் அரிப்பு சேற்றுப்புண் என்றே கருதப்பட்டுவிடக்கூடும். தோல்வழி நுழைந்து நுரையீரல் வரை சென்று குடலுக்கு வந்து சேரும் புழு ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் மிகக் குறைவே. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் அது உடலின் இரும்பை வற்றச் செய்கிறது. மாத்திரை தந்தும் இரத்தம் ஏறாத பெண்ணுக்கு, மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்று கடிந்துகொள்வதற்கு முன், மலப் பரிசோதனை செய்து பார்ப்பதே நேர்மையான மருத்துவம். ஆண்டுதோறும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் அல்பெண்டசோல் குடற்புழு நீக்க மாத்திரை 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கும், தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுக்கும் கிடைக்கிறது. நாற்பது வயதைக் கடந்து வயலில் நிற்பவர் இந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறார். தவிரவும், ஒரே வேளை தரப்படும் இம்மாத்திரையால் ஜியார்டியாவும் அமீபாவும் தீர்ந்துவிடா என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

வெளுத்த, களிமண் நிற மலம் பித்தநீர் குடலை எட்டவில்லை என்பதன் அடையாளம். கண்ணில் மஞ்சளும் சிறுநீரில் கருமஞ்சளும் சேர்ந்தால், நீர்வழிப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரசுகள் கல்லீரலைத் தாக்கியிருக்கலாம். 1955–56இல் யமுனை நீரில் கழிவு கலந்து டெல்லியில் ஏறத்தாழ 29,000 பேரைக் காமாலையில் ஆழ்த்திய கொள்ளைநோய்க்கு ஹெபடைடிஸ் ஈ காரணம் என்று பிற்காலத்தில் நிறுவப்பட்டது. அது கர்ப்பிணிகளின் உயிரையே குடிக்கக்கூடியது. கீழாநெல்லிச் சாறு குடித்துக் காத்திருக்கும் வழக்கம் ஆழ வேரூன்றியிருப்பதைக் குறைகூறிப் பயனில்லை. கர்ப்பிணியும், பிதற்றல் அல்லது அளவுமீறிய தூக்கம் காண்பவரும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது என்பது மட்டும் வீடுதோறும் தெரிந்திருக்க வேண்டும். பித்தக்கற்களும், சில வேளை பித்தக் குழாய்க்குள் ஏறிக்கொள்ளும் உருண்டைப்புழுவும், முதியோரிடத்துக் கட்டிகளும் இதே நிறத்தை உண்டாக்கும். பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் தெளியாத குழந்தையின் மலம் வெளுத்திருந்தால் அது தொற்றாக இராமல் பித்தநாளமே அடைபட்ட பிறவிக்கோளாறாக இருக்கக்கூடும். அதற்கான அறுவை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் நற்பலன் மிகுதி.

இத்தனை நிறங்களுக்கும் இத்தனை கிருமிகளுக்கும் அடியில் உள்ள உண்மை ஒன்றே, அதாவது இவற்றுள் பெரும்பாலானவை ஒருவரின் மலம் மற்றொருவரின் வாய்க்குள் செல்வதால் வருபவை. அவ்வுண்மையைப் புதுக்கோட்டை மாவட்டம் அறிந்ததுபோல் வேறு எந்த ஊரும் அறிந்ததில்லை. 2022 டிசம்பரில், முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில் பட்டியலினக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டபோது, குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் கூறியதன் பேரில், அம்மாதம் 26ஆம் நாள் ஊரார் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மீது ஏறிப் பார்த்தனர். 10,000 லிட்டர் கொள்ளும் அத்தொட்டியின் நீரில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. வழக்கு 2023 ஜனவரியில் சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. 2025 ஜனவரியில் தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குறிப்பிட, அதை அக்குடியிருப்பு மக்களும் பல கட்சிகளும் ஏற்க மறுத்தனர். அக்குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நோயியல் அளவுகோலால் மட்டும் அளப்பது சிறுமை. என்றாலும் அந்நிகழ்வில் மருத்துவம் சரியாகச் செய்த ஒரு செயல் உண்டு: ஒரே குடியிருப்பில் பலர் நோயுற்றதைக் கண்டு, எழுதிக்கொடுத்த மருந்தோடு நிறுத்திக்கொள்ளாமல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே அது.

தண்ணீர் குறித்த இக்கேள்விக்கு இம்மாவட்டத்தில் விடை எளிதன்று. பெரிய வற்றாத ஆறு எதுவும் இல்லாத, கண்மாய்களையும் ஊரணிகளையும் நம்பிய நிலம் இது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீரும், ஊராட்சியின் ஆழ்குழாய்க் கிணற்று நீரும், கோடையில் விலைக்கு வாங்கும் லாரி நீரும் ஒரே குடும்பத்தில் மாறி மாறிப் புழங்குகின்றன. விட்டுவிட்டு நீர் வரும் குழாய்களில், நீர் நின்ற நேரத்தில் உள்ளழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை நீர் உறிஞ்சப்படுகிறது. தொட்டியில் இடும் பிளீச்சிங் பவுடர் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினையாவது மிச்சம் வைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவு காலராவையும் டைபாய்டையும் தடுக்கும். ஜியார்டியாவுக்கும், குழந்தைகளை வாட்டும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் அது தடையாகாது. நீர் நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடம் அடுப்பில் இருந்தால் இவை அனைத்தும் மடிந்துவிடும் என்பதால், நோய் இருக்கும் வீட்டில் நீரைச் சுடவைத்தல் போதாது, கொதிக்கவே வைக்க வேண்டும்.

மலப் பரிசோதனை மிகவும் மலிவானது, மிகவும் அலட்சியமாகச் செய்யப்படுவதும் அதுவே. கழிவறை நீரோ சிறுநீரோ படாமல், அகன்ற வாயுள்ள உலர்ந்த டப்பாவில், சளியோ இரத்தமோ தென்படும் பகுதியிலிருந்து மலத்தை எடுக்க வேண்டும். நீர்த்த மலத்திலுள்ள உயிருள்ள அமீபா அரை மணி நேரத்துக்குள் நுண்ணோக்கிக்கு வராவிட்டால் சிதைந்து அடையாளம் இழக்கும். ஜியார்டியா நாள்தோறும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஆதலால், ஒருமுறை பார்த்து ஒன்றுமில்லை என்று வந்த சீட்டை முடிவாகக் கொள்ளாமல், வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரிகள் தர வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி விழுங்கிய பின் கொடுத்தால் கிருமி மறைந்து கொள்ளும் என்பதால் மாத்திரைக்கு முன்பே மாதிரி எடுத்தாக வேண்டும். மூன்று முறையும் எதுவும் தென்படாமல், இரத்தமோ எடைக்குறைவோ தொடர்ந்தால், குடல் காசநோயும் குடல் அழற்சிகளும் புற்றும் உள்ளனவா என்று அகநோக்கிக் கருவியால் பார்க்கவேண்டிய கட்டம் வந்துவிட்டது. அதற்கு மேலும் புழு மாத்திரையையே திரும்பத் தருவது காலத்தை வீணாக்கும். தார்போன்ற மலத்தோடு தலைசுற்றல், வெளுத்த மலத்தோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும், இரத்தப்போக்கோடு குழந்தையின் கண் குழிதல் ஆகியவற்றுக்குப் பரிசோதனைச் சீட்டுக்காகக்கூடக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழிச்சல் உள்ள குழந்தைக்கு வழியிலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் தருவதை நிறுத்தக் கூடாது.

ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் இத்தொல்லை நீடித்தால், அவ்வீட்டுக் குழாய் நீரும் சோதனைக்குச் செல்ல வேண்டும். கிராமங்களுக்கு வழங்கப்பட்டுள்ள சிறு குப்பிச் சோதனையில், மலக்கழிவின் பாக்டீரியா இருந்தால் நீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அதை உறுதிசெய்து கொள்ளலாம். 100 மில்லிலிட்டரில் ஓர் ஈ.கோலி பாக்டீரியா கண்டறியப்பட்டாலும் அது குடிக்கத் தகாத நீர் என்பதால், அந்த முடிவு வந்த அன்றே தொட்டியைக் கழுவி, குழாய்க் கசிவைத் தேடி, குளோரின் அளவைக் கடைசி வீட்டில் அளந்து பார்ப்பது ஊராட்சியின் கடமை.