அவையச்சத்தின் சமூக அடிப்படை: கண்டாவளையை முன்வைத்துச் சில குறிப்புகள்

பலர் முன்னிலையில் எழுந்து பேசுகையில் நாவுலர்வதும் குரல் நடுங்குவதும் தனிமனிதக் குறைபாடுகளாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. அட்ரினலின் சுரந்து இதயத்துடிப்பு விரைவது மனிதர் யாவர்க்கும் பொதுவான உடலியல் நிகழ்வே. ஆயின், எவர் எந்த அவையில் அஞ்சுகின்றார் என்பது உடலியல் வினா அன்று. அது சமூகவியல் வினாவாகும்.

கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள முரசுமோட்டை முதலான பகுதிகளின் வயல்கள் இரணைமடுக் குளத்து நீரை நம்பியவை. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது, குளத்து நீர்மட்டத்தை நோக்கி, உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடும் கூட்டத்திலே தீர்மானிக்கப்படுகின்றது. அங்கு வாய்திறவாதவன் இழப்பது புகழையன்று, நீரை. வயல் வரம்பில் உரத்து வழக்காடுபவனும், விடியவிடியக் கூத்தில் அரசனாய் நின்று பாடுபவனும் அக்கூட்டத்தில் மௌனியாகிவிடுதல் உண்டு. அவனுக்குக் குரலும் நினைவாற்றலும் இல்லாமலில்லை. கோவைகளின் மொழி, பதவியின் அதிகாரம், காணியுரிமையின் ஏற்றத்தாழ்வு ஆகியனவே அவன் நாவைக் கட்டுகின்றன. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து இம்மாவட்டத்திற்கு வந்து கூலி விவசாயிகளாக வாழ்ந்தோரின் நிலையில் இக்கட்டு மேலும் இறுக்கமானது.

இதற்கொரு நீண்ட வரலாறு உண்டு. வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் 72ஆம், 73ஆம் அதிகாரங்களை வகுத்தார். இவை அமைச்சியலில் இடம்பெறுவது நோக்கற்பாலது. அவையில் பேசுதல் ஆட்சியோடும் கல்வியோடும் தொடர்புடையோரின் பண்பாகவே எண்ணப்பட்டது. 1847 டிசெம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கத்தைத் தொடங்கியபோது, கிறித்தவ மிசனரிமாரின் பிரசங்க முறை சைவ மேடைக்கு வந்தது. கேட்போர் தொகை பெருகிற்று. பேசுவோரோ கற்றோராகவே இருந்தனர். 1908இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளரை நோக்கித் தமிழிற் பேசினர். கோரல் ஆலை வேலைநிறுத்தம் அச்சூழலில் எழுந்ததே.

கேட்டவர் எப்போது பேசுபவராகின்றார்? அண்மைய சான்று கிளிநொச்சியிலேயே உள்ளது. 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவருட் பெரும்பாலோர் பெண்கள். மேடைப் பயிற்சி எதுவுமின்றி, ஒலிவாங்கிகளின் முன் தம் பேச்சுமொழியிலேயே அவர்கள் பேசினர். அச்சம் அவர்களை விட்டு அகன்றதெனக் கூறுவது மிகையாகலாம். அச்சத்தினும் பெரிதான ஒரு தேவையும், அருகில் நின்ற கூட்டமும் அவர்களைப் பேசவைத்தன என்பதே பொருத்தமாகும்.

ஆகவே, அவையச்சத்தை வெல்லும் வழி கண்ணாடி முன் நின்று தனியே ஒத்திகை பார்ப்பதில் மட்டும் இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் தலைமையும் அறிக்கை வாசிப்பும் முறைவைத்து எல்லோர்க்கும் கிடைத்தல் வேண்டும். சொல்லவேண்டியதை முன்னரே கூடிப் பேசி, இரண்டு மூன்று குறிப்புகளாக்கிக் கொள்ளலாம். ஒருவர் தடுமாறினால் மற்றவர் தொடரலாம். வட்டார வழக்கிற் பேசுவது இழுக்கென்னும் எண்ணத்தைக் கற்றோராகிய நாமே முதலிற் கைவிடல் வேண்டும். ஏனெனில், அந்த அச்சத்தின் ஒரு பகுதி நமது முகச்சுளிப்பினால் விளைந்ததாகும்.