மூவிரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

சாயமிடும் அங்கத்தினர்கள் கையுறை அணிய வேண்டும் என்பது பற்றிச் சங்கமொன்றில் கூட்டம் நடத்தினோம். நாற்பது பேர் வந்தனர், கையுறைகளும் வழங்கப்பட்டன. மறு மாதம் அவ்வூருக்குச் சென்றபோது, ஒரு வீட்டில் அவை உறை பிரியாமல் ஆணியில் தொங்கக் கண்டேன். “அதைப் போட்டால் நூலின் பதம் கைக்குத் தெரிவதில்லை ஐயா” என்றார் அவ்வீட்டு அம்மையார். எனது படிவத்திலோ கூட்டம் ஒன்று, வந்தோர் நாற்பது என்று முன்னரே எழுதியாகிவிட்டது. கேட்டதைச் செய்தவர் எத்தனை பேர் என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

அந்தக் கேள்வியைக் கொண்டே ஊழியரின் ஊதியத்தை அளந்த முயற்சியொன்று வங்காள தேசத்தில் 1980 முதல் 1990 வரை நடைபெற்றது. நம் போன்ற ஊழியர் அறிய வேண்டிய வரலாறு அது.

வயிற்றுப்போக்கினால் உடலின் நீர் வற்றிக் குழந்தைகள் மாண்டுவந்த காலம். 1971 யுத்தத்தின்போது, எல்லை கடந்து வந்த அகதிகளின் முகாமில் காலரா பரவிற்று. நரம்பின் வழியே ஏற்றும் திரவம் போதாமற்போகவே, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆயின், எழுதப் படிக்க அறியாத தாய்மாருக்கு இதனைக் கற்பிப்பது எங்ஙனம்?

ஃபசல் ஹசன் அபேத் 1972இல் தோற்றுவித்த ‘பிராக்’ ஸ்தாபனம் அப்பணியை ஏற்றது. மூவிரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் - இவ்வளவே முறை. உப்பு மிகுந்தால் தீங்கு நேருமாதலால் அளவு பிசகலாகாது. ஓரளவு பள்ளிப் படிப்புடைய பெண்கள் குழுக்களாகச் சென்று வீடு வீடாகக் கற்பித்தனர். பின்னர் வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று தாயிடம் வினவுவார். தாய் நினைவில் வைத்திருந்த அளவுக்கேற்பவே கற்பித்தவளுக்குக் கூலி! தாம் கலந்து காட்டுவதைவிடத் தாயின் கையாலேயே கலக்கச் செய்வது மனத்தில் நிற்கிறது என்பதை அப்பெண்கள் விரைவில் உணர்ந்தனர்.

நிற்க. தாய்மார் பாடத்தை ஒப்பித்தனர்; குழந்தைக்கு நோய் கண்டபோதோ மிகச் சிலரே அதனைக் கொடுத்தனர். காரணம் தேடியபோது வெளிப்பட்டவை கவனிக்கத்தக்கன. கிராமத்தில் வயிற்றுப்போக்கு ஒன்றல்ல, பல பெயர்களால் வழங்கிற்று. ஊழியர் சொன்ன ‘டயேரியா’ என்ற சொல்லைத் தாய்மார் மிகக் கொடிய வகைக்கு மட்டுமே உரியதென்று கொண்டனர். ஆகவே மற்ற வகைகளுக்கு இக்கரைசலை அவர்கள் நினைக்கவேயில்லை. ஆடவருக்கு எவரும் விளக்காமையால் அவர்களின் ஆதரவும் இல்லை. இவை யாவற்றினும் என்னைச் சுட்டது வேறொன்று: கற்பித்த ஊழியருள் பலருக்கே அம்மருந்தில் நம்பிக்கை இருக்கவில்லை!

ஸ்தாபனத்தார் தாய்மாரைக் குறை கூறவில்லை. ஊழியரை டாக்காவிலுள்ள ஆய்வு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கரைசல் செயற்படும் விதத்தைக் காட்டினர். ஊர்ப் பெயர்களாலேயே நோயை விளக்கினர். கடைவீதியிலும் மசூதியிலும் ஆடவரைக் கூட்டிப் பேசினர். ஊருக்குள் நுழைந்தவுடன் நோயுற்ற குழந்தையைத் தேடி, எல்லோரும் காணக் கரைசல் புகட்டித் தேற்றினர். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு இக்கல்வி சென்றது. (இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அளவு பிசகாத உப்புக் கரைசல் பொட்டலமே கிடைக்கிறது, அதையே வாங்கி வைத்துக்கொள்க.)

நானும் சாயத்தொட்டியில் கை நனைத்தவன் அல்லேன். வரும் மாதம் அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்று, கையுறையுடன் ஒரு கட்டு நூலை நானே சாயமிட்டுப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். பதம் தெரியவில்லை என்பது உண்மையானால், வேறு வகைக் கையுறை வேண்டுமென்று சங்கத்துக்கு எழுதுவேன். கூட்டத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.