சுபேதார் சுப்பிரமணியன்

சுபேதார் சுப்பிரமணியன் (பிறப்பு: ஏறத்தாழ 1912 - இறப்பு: பெப்ரவரி 24, 1944) இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றி, இத்தாலியில் உயிரிழந்த தமிழ்ப் போர்வீரர் ஆவார். கண்ணிவெடி ஒன்றின் மேல் தன் உடலைக் கிடத்தி, உடனிருந்தோரின் உயிரைக் காத்தார். இச்செயலுக்காக இறப்பிற்குப் பின் இவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது. இப்பதக்கம் நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர் இவரே ஆவார்.

பிறப்பும் படையிற் சேர்க்கையும்

சுப்பிரமணியன் அன்றைய சென்னை மாகாணத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்திருந்த கீழ்ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். இவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது.

இவர் பணியாற்றிய படைப்பிரிவு, விக்டோரியா அரசியாரின் பெயர் தாங்கிய மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் ஆகும். 1780இல் தோற்றுவிக்கப்பட்ட இப்படைப்பிரிவு, இந்தியப் படையின் மிகப் பழைய பொறியியல் பிரிவுகளுள் ஒன்று. விடுதலைக்குப் பின் மதராஸ் பொறியாளர் குழு என்ற பெயரில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகிறது. இதன் வீரர்களைத் "தம்பி" என்று அழைப்பது படையில் நெடுங்கால வழக்கம்.

சுபேதார் என்னும் பதவி, பிரித்தானிய அதிகாரிகளுக்கும் சாதாரண வீரர்களுக்கும் இடைப்பட்டது. அதிகாரிகளின் கட்டளையை வீரர்களின் மொழியில் எடுத்துரைப்பதும், வீரர்களின் குறைகளை மேலிடத்திற்குக் கொண்டு செல்வதும் இப்பதவியில் இருந்தோரின் கடமை. பொதுவாக அடிநிலை வீரராகச் சேர்ந்து, பல்லாண்டு பணி செய்தவர்களே இப்பதவியை அடைந்தனர்.

போர்ச் சூழல்

1939இல் இந்தியத் தலைவர்களைக் கலந்து கொள்ளாமலேயே இந்தியாவும் போரில் ஈடுபடுவதாக அரசப் பிரதிநிதி அறிவித்தார். இதனை எதிர்த்துச் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை உட்பட, காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. ஆயினும் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 25 இலட்சம் இந்தியர் படையில் சேர்ந்திருந்தனர். கட்டாய ஆள்சேர்ப்பு இன்றி அமைந்த படைகளுள் உலகிலேயே மிகப் பெரியதாக இது கருதப்படுகிறது.

சுப்பிரமணியன் இடம்பெற்றிருந்த 11ஆவது பீல்ட் பார்க் கம்பனி, இந்தியாவின் நான்காவது காலாட்படை டிவிசனைச் சேர்ந்தது. ஒரு டிவிசனுக்குத் தேவையான பொறியியல் கருவிகள், பாலம் அமைக்கும் பொருட்கள், பட்டறைகள் ஆகியவற்றைப் பேணுவதே பீல்ட் பார்க் கம்பனியின் முதன்மைப் பணி. அதாவது, இது முன்னணியில் நின்று சுடும் பிரிவு அன்று.

நான்காவது டிவிசன் வட ஆப்பிரிக்கப் போர்களுக்குப் பின் இத்தாலிக்கு அனுப்பப்பட்டது. 1944 பெப்ரவரியில் மொண்டே காசினோ மலையைக் கைப்பற்றும் முயற்சியில் ஈடுபட்டுப் பேரிழப்பைச் சந்தித்தது. மலைமேல் இருந்த பழம்பெரும் மடம் பெப்ரவரி 15 அன்று குண்டுவீச்சில் அழிந்தது. பெப்ரவரி 18 அளவில் அத்தாக்குதல் தோல்வியில் முடிந்தது. அடுத்த தாக்குதல் மார்ச் 15 அன்றே தொடங்கியது.

மிஞானோவில் நிகழ்ந்தது

மிஞானோ, காசினோவிற்குத் தென்கிழக்கே, உரோம் நகருக்குச் செல்லும் ஆறாம் எண் நெடுஞ்சாலை மலைகளுக்கு இடையே கடந்து செல்லும் கணவாயில் உள்ளது. 1943 திசம்பரில் இப்பகுதியில் கடும் போர் நடந்தது. செருமானியப் படையினர் பின்வாங்கிய போது நிலத்தில் கண்ணிவெடிகளைப் புதைத்துச் சென்றனர். எனவே போர்முனை வடக்கே நகர்ந்த பின்னரும் இந்நிலம் ஆபத்தானதாகவே இருந்தது.

1944 பெப்ரவரி 24 அன்று சுப்பிரமணியன் இடம்பெற்ற குழுவொன்று கண்ணிவெடி உணரியின் துணையுடன் இங்கு பாதையைத் துப்புரவு செய்து கொண்டிருந்தது. அப்போது வீரர் ஒருவர் கண்ணிவெடி ஒன்றை மிதித்து விட்டார். வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியன் தயங்காது அதன் மேல் பாய்ந்து விழுந்தார். வெடிப்பின் முழு வேகத்தையும் அவரது உடலே தாங்கியது. அவர் உயிரிழந்தார், அருகிலிருந்த ஏனையோர் காப்பாற்றப்பட்டனர்.

கண்ணிவெடி அகற்றும் முறை

அக்காலத்தில் நேச நாட்டுப் படைகள் பயன்படுத்திய கண்ணிவெடி உணரி, போலந்து நாட்டுப் பொறியாளர் யோசேப் கொசாட்ஸ்கி 1941இல் வடிவமைத்ததாகும். நீண்ட கழியின் முனையில் உள்ள கம்பிச்சுருள் உலோகத்தின் அருகே வரும்போது, இயக்குபவரின் காதொலிப்பானில் ஒலி மாறும். துப்புரவு செய்த பாதையின் ஓரங்களில் வெண்ணிற நாடாவைப் பதித்துச் செல்வர். பின்வருவோர் நாடாக்களுக்கு இடையே மட்டும் நடக்க வேண்டும்.

இம்முறைக்கு இரு குறைகள் இருந்தன. முதலாவது, போர் நடந்த நிலத்தில் குண்டுச் சிதறல்கள் எங்கும் கிடப்பதால் உணரி ஓயாது ஒலிக்கும். இரண்டாவது, செருமானியர் மரப்பெட்டிகளில் அமைத்த கண்ணிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு. ஆகவே துப்பாக்கி முனைக்கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்ப்பதும் தேவையாயிற்று.

ஆட்களைக் குறிவைத்த செருமானியக் கண்ணிவெடிகளுள் பெரிதும் அஞ்சப்பட்டது எஸ்-மைன் ஆகும். மிதித்து ஏறத்தாழ நான்கு நொடிகள் கழித்து, உட்பகுதி ஒரு மீட்டர் அளவிற்கு மேலெழும்பி வெடிக்கும். அதனுள் இருக்கும் 350க்கும் மேற்பட்ட எஃகுக் குண்டுகள் நாற்புறமும் சிதறும். இதனால் மிதித்தவரை விட, சுற்றி நிற்போருக்கே பேராபத்து நேரலாம். காலத்தாழ்வுடன் வெடிக்கும் இத்தகைய கண்ணிகளில், அந்தச் சில நொடிகளில் வீரர்கள் இயல்பாகச் செய்வது விலகி ஓடித் தரையில் படுப்பதே. சுப்பிரமணியன் எதிர்த்திசையில் சென்றார் என்பதிலேயே அவரது செயலின் பொருள் அடங்கியுள்ளது.

ஜார்ஜ் கிராஸ்

ஜார்ஜ் கிராஸ் 1940 செப்டம்பர் 24 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரால் நிறுவப்பட்டது. வெள்ளியாலான இப்பதக்கம் கருநீல நாடாவில் அணியப்படும். எதிரியை நேரில் எதிர்கொள்ளாத சூழலில் காட்டப்படும் உச்சநிலை வீரத்திற்காகக் குடிமக்களுக்கும் படையினருக்கும் இது வழங்கப்படுகிறது. தகுதியில் இது விக்டோரியா கிராசுக்கு இணையானது. இத்தாலியில் எதிரியுடன் நேரில் போரிட்ட கமல் ராம், யஷ்வந்த் காட்கே போன்ற இந்தியர் விக்டோரியா கிராஸ் பெற்றனர். ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட நிலத்தில், மறைந்து கிடந்த கண்ணிவெடியால் இறந்த சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டதற்கு இவ்வேறுபாடே அடிப்படை.

நினைவு

இத்தாலியப் போர்க்களத்தில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களில் பலரின் உடல்கள் அவர்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்டன. தனிக் கல்லறை இல்லாத அவர்களின் பெயர்கள் சாங்ரோ ஆறு, ஃபோர்லி முதலிய இடங்களில் உள்ள நினைவுச்சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. 2002இல் இலண்டனில் திறக்கப்பட்ட நினைவு வாயில்களின் அருகேயுள்ள மண்டபத்தில், இரு உலகப் போர்களில் விக்டோரியா கிராசும் ஜார்ஜ் கிராசும் பெற்ற இந்தியத் துணைக்கண்ட, ஆப்பிரிக்க, கரிபிய வீரர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. சுப்பிரமணியன் பெயரும் அவற்றுள் ஒன்று.